அம்மான்ர மூச்சுக்கு ஒரு வருசச் செலவு: கொப்பியில எழுதினதை இதில போடுறன்

விசுவமடு_மகள் | 2025 தை 12, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா இதை எழுதோணும் எண்டு இருந்தனான், நேரம் கிடைக்கேல்ல, இண்டைக்கு அம்மா நேரத்தோட நித்திரையாயிட்டா அதால இருந்து எழுதுறன், நீளமாத்தான் வரும், பொறுத்து வாசியுங்கோ.

அம்மாக்கு 61 வயசு, சிஓபிடி எண்ட நுரையீரல் வருத்தம். சிகரட்டோ சுருட்டோ ஒருநாளும் வாயில வச்சவ இல்லை. அவ செய்தது நெல்லு அவிச்சது. அப்பா இருக்கேக்க வீட்டுத் தேவைக்கு மட்டும் அவிச்சவ, 2009க்குப் பிறகு அப்பா இல்லை, மீள்குடியேறி வந்தாப்பிறகு அதுதான் எங்களுக்குச் சாப்பாடு போட்டது. முதல்நாள் ஊறப்போட்டு விடியப்பறம் 3 மணிக்கு எழும்பி கிடாரத்தில போட்டு, கீழ உமியும் விறகும் தள்ளித்தள்ளி அவிக்கோணும். பதம் பாக்கிறதுக்கு மூடியைத் திறந்து முகத்தை உள்ளுக்கு விட்டுத்தான் பாப்பா, நெல்லு வாய் விட்டிட்டுதோ எண்டு. ஆவி ஒரு பக்கம் புகை ஒரு பக்கம். அவவின்ர சேலைத் தலைப்பை எத்தினை தரம் தோய்ச்சாலும் புகை மணம் போகாது, சின்ன வயசில எனக்கு அம்மா எண்டாலே அந்த மணம்தான்.

முதல் இருமல். பேந்து இளைப்பு. தொய்வு (ஆஸ்மா) எண்டு சொல்லிச் சொல்லி மருந்து தந்தவை, இடையில காசநோயா இருக்குமெண்டு மூண்டு தரம் சளி எடுத்துப் பாத்தவை, இல்லை எண்டு வந்திட்டுது. 2023 ஆவணியிலதான் ஒரு குழாயில ஊதிப் பாக்கிற டெஸ்ட் (ஸ்பைரோமெட்ரி) செய்து சிஓபிடி எண்டு சொன்னவை, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாம். பழுதாப் போன பகுதி திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாத்திக்கொண்டு இருக்கலாம் எண்டு அந்த டொக்டர் ஆறுதலா இருந்து சொன்னவர், அவருக்குப் புண்ணியம் கிடைக்கோணும்.

நான் 2024 தை முதலாம் திகதியில இருந்து ஒரு சீஆர் கொப்பியில எல்லாத்தையும் எழுதினனான். நான் கார்மென்ட்ஸ்ல வேலை. வருசக் கணக்கு இதுதான்:

கிளினிக் 12 தரம், என்னெண்டாலும் ரெண்டு பேர் போகோணும், பஸ்சும் மத்தியானச் சாப்பாடும் சேத்து 19,200. இரவில மூச்சு ஏலாமல் ஓட்டோ பிடிச்சு ஓடினது 7 தரம், 24,500. எனக்கு வேலை போன நாள் 31 (கிளினிக் 12, வாட்டில அம்மாவோட நிண்டது 16, இரவு முழுக்க முழிச்சுப்போட்டு போக ஏலாமல் நிண்டது 3), நாளுக்கு 1,500 படி 46,500. ஒரு நாள் லீவு எடுத்தாலும் அந்த மாசத்து வரவுப் படி வெட்டுவினம், அப்பிடி 9 மாசம் வெட்டினது 36,000. ஆஸ்பத்திரியில இல்லையெண்டு துண்டு எழுதித் தந்து வெளியில வாங்கின மருந்து 23,200. நெபுலைசர் மிசின் (மருந்தைப் பனிப்புகார் மாதிரி ஆக்கி இழுக்க விடுறது) 14,500. விறகை விட்டு காஸுக்கு மாறினதால காஸ் சிலிண்டர் 22,000.

கூட்டினா 1,85,900. இதில மருந்து எண்டு குடுத்தது எட்டில ஒரு பங்குதான். மற்றதில கூடப் பங்கு போறதும் வாறதும் நிக்கிறதும்.

அம்மா நெல்லு அவிச்சு மாசம் 25,000 மட்டில உழைச்சவ, அது இப்ப இல்லை. அந்த 3 லட்சத்தை நான் இந்தக் கூட்டலுக்குள்ள போடேல்ல, போட மனம் வரேல்ல.

ஆக்கள் கேக்கிறது என்னெண்டா, "ஆஸ்பத்திரி ஃப்ரீ தானே உனக்கென்ன செலவு" எண்டு. அதுக்குத்தான் இதை எழுதினனான். உங்கட வீடுகளிலயும் இப்பிடி ஆரும் இருந்தா எப்பிடிச் சமாளிக்கிறியள் எண்டு சொல்லுங்கோ.

---

கண்டாவளை_தம்பி | 2025 தை 12, இரவு 10.25

அக்கா வாசிச்சுப்போட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்திட்டன். எங்கட அப்பாவும் இதுதான். அவர் பீடி குடிச்சவர் அதோட அரிசி மில்லில வேலை, ரெண்டும் சேந்து. எங்களிட்ட கொப்பி இல்லை, ஆனா காணியில அரை ஏக்கர் ஈட்டில இருக்கு. அதுதான் எங்கட கணக்கு.

பேந்து வாறன், இப்ப எழுத ஏலாது.

---

மல்லாவி_நேர்ஸ் | 2025 தை 13, காலை 6.15

தங்கச்சி, நைட் டியூட்டி முடிஞ்சு வந்து இதை வாசிச்சன். நீங்கள் எழுதினது முழுக்க உண்மை, இன்னும் சொல்லப்போனா உலக அளவிலயே இதைத்தான் சொல்லினம். கோல்ட் எண்டு இந்த நோய்க்கு வழிகாட்டி எழுதுற ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு, அவை எழுதியிருக்கினம் வசதி குறைஞ்ச நாடுகளில இந்த நோய் வந்தா ஒராள் இல்லை ரெண்டு பேர் வேலையை விட வேண்டி வரும் எண்டு, வருத்தக்காரரும் அவரைப் பாக்கிற ஆளும். பணக்கார நாடுகளில பெரிய செலவு ஆஸ்பத்திரியில மறிக்கிறதுதான். இஞ்ச கட்டில் இலவசம், ஆனா கட்டிலுக்குப் பக்கத்தில நிக்கிற ஆளின்ர சம்பளத்தை ஆரும் தாறேல்ல. உங்கட 46,500உம் 36,000உம் அதுதான்.

2010இல உலகம் முழுக்க இந்த நோயால ஆன செலவு 2.1 டிரில்லியன் டொலர், 2030இல 4.8 டிரில்லியனாகும் எண்டு உலகப் பொருளாதார மன்றத்துக்காக ஹார்வர்ட் ஆக்கள் கணக்குப் பாத்தவை. அதில கிட்டத்தட்ட அரைவாசி எங்களைப்போல வளர்ந்துவாற நாடுகளின்ர தலையில. 2021இல மட்டும் 35 லட்சம் பேர் இந்த நோயால செத்தவை எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இவ்வளவு பெரிய வருத்தத்துக்கு எங்கட சனத்திட்ட சரியா ஒரு பேர்கூட இல்லை, முட்டு, தொய்வு, இளைப்பு எண்டு எல்லாத்தையும் ஒண்டாத்தான் சொல்லுறது.

இன்னொண்டு அவசரமா சொல்லுறன், இரவில ஓட்டோ பிடிக்காதையுங்கோ, 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கோ. காசில்லை, ஒக்சிஜனும் படிச்ச ஆளும் வண்டிக்குள்ளயே வருவினம். 2018இல இருந்து வடக்கிலயும் ஓடுது. உங்கட 24,500 அப்பிடியே மிச்சம்.

---

விசுவமடு_மகள் | 2025 தை 13, காலை 6.50

மிஸ் 1990 அக்சிடண்டுக்கு மட்டும் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்தனான்!! ஆரும் சொல்லேல்ல. இண்டைக்கே சுவரில எழுதி ஒட்டுறன், தங்கச்சிக்கும் சொல்லிவைக்கிறன்.

---

வன்னிமைந்தன்_ | 2025 தை 13, பகல் 1.05

சகோதரி குறை நினைக்காதையுங்கோ, எனக்கு ஒரு சந்தேகம். எங்கட அம்மம்மா, அவவின்ர அம்மா எல்லாரும் விறகிலதான் சமைச்சவை, 90 வயசு மட்டும் இருந்தவை. விறகுப் புகையால இப்பிடி வருமெண்டா ஊரில ஒருத்தரும் மிஞ்சியிருக்க ஏலாதே. சிகரட்டாலதான் வரும் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள். வேற ஏதும் காரணமா இருக்குமோ?

---

விசுவமடு_மகள் | 2025 தை 13, இரவு 8.30

தம்பி குறை நினைக்கேல்ல. நானும் அப்பிடித்தான் கேட்டனான். ஆனா யோசிச்சுப் பாருங்கோ, அம்மம்மாவின்ர குசினி எப்பிடி இருந்தது? வீட்டுக்கு வெளியில தனிக் கொட்டில், கிடுகு வேய்ஞ்சது, அரைச்சுவர்தான், காத்து ஒரு பக்கத்தால வந்து மற்றப் பக்கத்தால போகும். புகை கூரையால கசிஞ்சு போகும். 2010இல நாங்கள் திரும்பி வரேக்க தந்தது தகரமும் தறப்பாளும். அந்தத் தகரக் கொட்டிலுக்குள்ளதான் படுத்ததும் சமைச்சதும் பிள்ளையள் படிச்சதும். மாரி காலத்தில வெளியில அவிக்க ஏலாது, ஓடர் எடுத்தாச்சு குடுக்கத்தான் வேணும், அதால கிடாரத்தையும் உள்ளுக்கு இழுத்து வச்சு கதவுக்கு தறப்பாளைக் கட்டிப்போட்டு அவிச்சவ. அப்பிடி எத்தினை மாரி. நானும் தங்கச்சியும் கண் எரியுது எண்டு அழுதுகொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுவம், அவ இருப்பா.

அம்மம்மா ஒரு வீட்டுக்குச் சமைச்சவ. அம்மா ஒரு ஊருக்கு அவிச்சவ.

---

மல்லாவி_நேர்ஸ் | 2025 தை 13, இரவு 9.10

வன்னிமைந்தன் தம்பி கேட்டது நல்ல கேள்வி, கிளினிக்கிலயும் ஆம்பிளையள் இதைத்தான் கேக்கிறவை. வசதியான நாடுகளில இந்த நோய் வாறதில 70 வீதத்துக்கும் மேல புகைத்தலாலதான். எங்களைப்போல நாடுகளில அது 30 இல இருந்து 40 வீதம் மட்டில, மற்றதில வீட்டுக்குள்ள எரியிற புகை ஒரு பெரிய பங்கு. இது உலக சுகாதார நிறுவனத்தின்ர கணக்கு. அதுக்காக சிகரட் பரவாயில்லை எண்டு எடுக்கக் கூடாது, பீடியும் குடிச்சு மில் தூசும் பட்டா ரெண்டு பக்கத்தாலயும் அடி.

பொம்பிளையள் வந்து "நான் புகைக்கிறேல்ல மிஸ், எனக்கு எப்பிடி இது" எண்டு கேக்கேக்க சில ஆக்கள் நம்பாத மாதிரிப் பாப்பினம், அதைக் கண்டா எனக்கு அந்தரமா இருக்கும். அவையளின்ர அடுப்பைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறேல்ல. மூச்சு வாங்கினா வயசு, களைச்சா இரத்தம் காணாது, இப்பிடியே வருசக்கணக்கா இழுபடும், குழாயில ஊதிப் பாத்தாத்தான் தெரியும். முதல் ஒரு செக்கனில எவ்வளவு ஊதினம், முழுக்க எவ்வளவு ஊதினம் எண்டு பாத்து, முதலாவதை மற்றதால பிரிக்கிறது, மருந்து குடுத்தாப்பிறகும் அது 0.7க்கு குறைவா இருந்தா அடைப்பு எண்டு அர்த்தம். இப்ப அறுவடை காலம், வெட்டு மிசின் தூசும் வைக்கோல் எரிக்கிற புகையும் மார்கழிப் பனியில வந்த தடிமனும் ஒண்டா சேரும், வாட்டு நிரம்பும்.

---

ஒட்டுசுட்டான்காரன் | 2025 தை 14, இரவு 11.55

பொங்கலும் அதுவுமா இதை எழுதுறன். நான் வருத்தக்காரன், 57 வயசு. வவுனியாப் பக்கம் கல் உடைக்கிற இடத்தில 14 வருசம் நிண்டனான், முகத்துக்கு ஒரு துவாய்த்துண்டு மட்டும்தான் கட்டுறது. சிகரட்டும் குடிச்சனான், விட்டு 6 வருசம். பாக்கிற ஆக்களின்ர கதையை எழுதினீங்கள் பிள்ளை, நான் உள்ளுக்க இருக்கிற ஆளின்ர கதையை எழுதுறன்.

எல்லாரும் நினைக்கிறது மூச்சு எடுக்க ஏலாமல் கஸ்டப்படுறம் எண்டு. எடுக்கலாம். விடத்தான் ஏலாது. போன காத்து உள்ளுக்க நிக்கும், அதுக்கு மேல புதுசா எடுக்க இடமில்லை, நிரம்பின சாக்குக்குள்ள இன்னும் நெல்லை அமத்துற மாதிரி. அந்த நேரம் ஆரும் "என்ன செய்யுது" எண்டு கேட்டா மறுமொழி சொல்ல ஏலாது, ஒரு சொல்லுச் சொல்ல ஒரு மூச்சு வேணும், கையைக் காட்டுவன். அதைக் கண்டு கோவிக்கிறன் எண்டு நினைக்கிற சனமும் இருக்கு.

கிணத்தடி எங்கட வீட்டில இருந்து 20 பாகம் இருக்கும். முந்தி நான் நாலு வாளி ஒரே மூச்சில அள்ளுவன். இப்ப மனுசி அள்ளி வச்சிட்டு கூப்பிடுவா, நான் போய் வாங்கில இருப்பன், அவதான் வார்க்கிறது. குனிஞ்சு கால் தேய்க்க ஏலாது, குனிஞ்சா மூச்சு அடைக்கும். 30 வருசம் கலியாணம் கட்டி அவ என்ர காலைத் தேய்க்கிறா. அவ ஒண்டும் சொல்லுறேல்ல. நான் அந்த நேரம் வேலியைப் பாத்துக்கொண்டு இருப்பன்.

நித்திரை எண்டா படுக்கிறது இல்லை, கதவு நிலையில ரெண்டு தலாணியை வச்சு சாஞ்சு இருக்கிறது. செத்தவீட்டுக்குப் போறேல்ல, குங்கிலியப் புகையும் சனமும் ஒத்துவராது, போகாட்டி சனம் கோவிக்குது, மச்சான்ர செத்தவீட்டுக்கு போகாததுக்கு அவையின்ர ஆக்கள் இன்னும் எங்களோட கதைக்கிறேல்ல. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு சின்னனில இருந்து ஒரு வருசம் விடாமல் போனனான், மூண்டு வருசமாப் போகேல்ல. மனுசி தீர்த்தம் கொண்டந்து தருவா.

காசைப் பற்றிச் சொன்னா, வண்டில் வித்தது, மோட்டச் சைக்கிள் வித்தது, குழுக்கடன் ரெண்டு. இதெல்லாம் எழுதலாம். பேரப்பிள்ளை மூண்டு வயசு, தூக்கச் சொல்லி கையை நீட்டுவான். நான் இருந்துகொண்டு மடியிலதான் வைக்கிறது. அதை எந்தக் கொப்பியில எழுதுறது பிள்ளை?

---

விசுவமடு_மகள் | 2025 தை 15, காலை 5.20

ஐயா வேலைக்கு வெளிக்கிட முந்தி வாசிச்சன். அம்மாக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினன். "சாக்குக்குள்ள நெல்லு" எண்டதைக் கேட்டிட்டு, ஓம் ஓம் அப்பிடித்தான், இதை நான் உங்களுக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தனான் எண்டு சொன்னவ. அவ உங்களை விசாரிச்சதா சொல்லச் சொன்னவ.

---

மல்லாவி_நேர்ஸ் | 2025 தை 15, இரவு 7.45

ஐயா கேட்ட கேள்வியை நானும் யோசிச்சுக்கொண்டு இருந்தன். கஸ்டத்தை அளக்கிறதுக்கு முறை இருக்கு. ஒண்டு மூச்சு வாங்கிறதை 0 இல இருந்து 4 மட்டும் பிரிக்கிறது: கடுமையா வேலை செய்தா மட்டும் வாங்கினா 0, கெதியா நடந்தா வாங்கினா 1, ஒத்த வயசு ஆக்களோட சேந்து நடக்க ஏலாட்டி 2, ஒரு நூறு மீற்றர் நடந்திட்டு நிண்டா 3, உடுப்பு மாத்தவே வாங்கினா, இல்லாட்டி வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாட்டி 4. இன்னொண்டு கட் எண்டு எட்டுக் கேள்வி, மொத்தம் 40 புள்ளி, கூடக்கூட கஸ்டம் கூட. இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், வீட்டு வேலை, வெளியில போற துணிவு, நித்திரை, உசார் எல்லாம் அதில வரும். அதில ஒரு கேள்வி மலையிலயோ ஒரு மாடிப்படியிலயோ ஏறேக்க மூச்சு வாங்குதோ எண்டு. எங்கட ஆக்களிட்ட இதைக் கேட்டா முழிப்பினம், வன்னியில எங்க மலை, எங்க மாடி? நான் "குளக்கட்டில ஏறேக்க எப்பிடி" எண்டு மாத்திக் கேப்பன், உடன விளங்கிடும்.

ஆனா செத்தவீட்டுக்குப் போக ஏலாததுக்கு அந்தப் பேப்பரில கேள்வி இல்லை. உங்கட மாதிரி ஆக்கள் சொன்னாத்தான் எங்களுக்கே தெரியும். மனம் சோர்ந்து போறது இந்த நோயோட சேந்து வாற ஒரு விசயம், அதையும் டொக்டரிட்ட வாய்விட்டுச் சொல்லுங்கோ ஐயா, மறைக்காதையுங்கோ.

ஒரு பழக்கம் சொல்லித்தாறன். மூக்கால எடுத்து, உதட்டைக் குவிச்சு விளக்கை அணைக்காமல் மெதுவா ஊதுற மாதிரி, எடுத்த நேரத்தைப்போல ரெண்டு மடங்கு நேரம் எடுத்து விடுங்கோ. உள்ள நிக்கிற காத்து வெளியில போக இது உதவும். கிணத்தடிக்கு நடக்கேக்கயும் இப்பிடிச் செய்யுங்கோ.

---

ஸ்காபுரோ_மாமா | 2025 தை 16, காலை 8.02

பிள்ளையள் நான் புதுக்குடியிருப்பு, இப்ப கனடாவில 28 வருசம். என்ர அக்காவின்ர புருசனுக்கும் இந்த வருத்தம். போன வருசம் நாங்கள் சகோதரங்கள் சேந்து ஒக்சிஜன் தயாரிக்கிற மிசின் ஒண்டு, 5 லீற்றர், வாங்கிக் குடுத்தனாங்கள். பெரிய உதவி செய்திட்டம் எண்டு சந்தோசப்பட்டம். மூண்டு மாசத்தால கோல் எடுத்தா அக்கா சொல்லுறா மிசினைப் போடுறேல்ல மூலையில இருக்கு எண்டு. கரண்ட் பில்லாம். நாங்கள் மிசினுக்குக் காசு குடுத்தம், கரண்டுக்குக் குடுக்கோணும் எண்டு ஒருத்தருக்கும் தோணேல்ல. இங்க இருந்து உதவி செய்யிற ஆக்கள் இதைக் கவனியுங்கோ. இப்ப மாசாமாசம் பில்லை படம் எடுத்து அனுப்பச் சொல்லி நான் கட்டுறன்.

ஐயா ஒட்டுசுட்டான்காரன், உங்களுக்கும் அப்பிடி ஒரு மிசின் தேவையெண்டா சொல்லுங்கோ, எங்கட ஊர்ச் சங்கத்தில கதைக்கிறன்.

---

மல்லாவி_நேர்ஸ் | 2025 தை 16, இரவு 9.30

மாமா மனசுக்கு நன்றி. ஆனா மிசின் அனுப்ப முந்தி எல்லாரும் இதை வாசியுங்கோ. மூச்சு வாங்கிற எல்லாருக்கும் ஒக்சிஜன் தேவையில்லை. சும்மா இருக்கேக்கயே ரத்தத்தில ஒக்சிஜன் 88 வீதமோ அதுக்குக் கீழயோ நிக்கிற ஆக்களுக்குத்தான் வீட்டில வச்சுக் குடுக்கிறது, 1980லயும் 81லயும் வந்த ரெண்டு ஆய்வில அப்பிடியான ஆக்கள் நாளுக்கு 15 மணித்தியாலமாவது பிடிச்சா கூடக்காலம் இருக்கினம் எண்டு கண்டவை. அளவுக்கு மிஞ்சி வச்சா சில பேருக்கு கரியமில வாயு ஏறி மயக்கமாகிடும், அதால 88க்கும் 92க்கும் இடையில நிக்கிற மாதிரித்தான் வைக்கிறது. டொக்டர் எழுதித் தந்தா மட்டும்.

கரண்ட் கணக்கும் பாருங்கோ. மிசின் 350 வோற்ஸ் மட்டில எடுக்கும், 15 மணித்தியாலம் எண்டா நாளுக்கு 5 யுனிட்டுக்கு மேல, மாசம் 157 யுனிட். சாதாரண வீட்டுப் பாவனையையும் சேத்தா 180ஐத் தாண்டி கூட விலைப் படிக்குப் போயிடும். 2022 ஆவணியில 75 வீதமும் 2023 மாசியில 66 வீதமும் ஏத்தினதுக்குப் பிறகு கன வீட்டில இந்த மிசின் மூலையிலதான் நிண்டது. வீட்டுக்கூரையில சோலார் போட்டுக் குடுக்கிறது நல்ல உதவி.

---

கண்டாவளை_தம்பி | 2025 தை 18, இரவு 10.40

அண்டைக்குப் பிறகு வாறன் எண்டு சொன்னனான். இப்ப எழுதுறன்.

2022 உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். பங்குனிக் கடைசியில கரண்ட் 13 மணித்தியாலம் வெட்டினவங்கள். எங்களிட்ட நெபுலைசர் மிசின் இருந்தது, கரண்ட் இருக்கேக்க அப்பாக்கு மூச்சு நல்லா இருக்கும், வெட்டினாப்பிறகு தொடங்கும், அவர் பயத்தில மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டே இருப்பார். பெற்றோல் இல்லை, ஓட்டோக்காரர் லைனில. ஆஸ்பத்திரியில ஒருநாள் நெபுலைஸ் பண்ணுற மருந்து இல்லையெண்டு வெளியில வாங்கச் சொன்னவை, எந்த ஆஸ்பத்திரி எண்டு நான் இதில சொல்லேல்ல, அவையும் என்ன செய்யிறது நாடே இல்லையெண்டு கிடந்தது. நான் பரந்தன், கிளிநொச்சி எண்டு சைக்கிளில நாலு பாமசி ஏறி இறங்கினன், அஞ்சாவதில இருந்தது.

அரை ஏக்கரை ஈடு வச்சது அந்த நேரம்தான். வைகாசியில அப்பா போயிட்டார். சாமம் 2 மணி, கரண்ட் வெட்டில்லாத நாள், மிசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காணி இன்னும் மீளேல்ல. நான் ஏ.எல் (உயர்தரச் சோதினை) ரெண்டாம் தரம் எடுக்க இருந்தனான், எடுக்கேல்ல, இப்ப மேசன் வேலை. ஆரையும் குறை சொல்லி எழுதேல்ல. கரண்ட் இல்லாத நேரம் என்ன செய்யலாம் எண்டு ஆருக்கும் தெரிஞ்சா எழுதுங்கோ, இனி ஒரு வீட்டில அப்பிடி நடக்கக் கூடாது.

---

மல்லாவி_நேர்ஸ் | 2025 தை 19, காலை 10.15

தம்பி, உங்கட பதிவை வாசிச்சு எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. இதை உங்களுக்கு அப்ப ஆரும் சொல்லித் தந்திருக்கோணும்.

மூச்சு முட்டேக்க மிசின்தான் வேணும் எண்டு இல்லை. நீலப் பம்மை (மூச்சு முட்டேக்க அடிக்கிற இன்ஹேலர்) ஸ்பேசர் எண்ட குடுவையோட சேத்து அடிச்சா கன பேருக்கு நெபுலைசர் அளவுக்கு வேலை செய்யும், கரண்ட் தேவையில்லை. ஸ்பேசர் வாங்க ஏலாட்டி அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் காணும். தென்னாபிரிக்காவில ஹெதர் ஸார் எண்ட பிள்ளையள் டொக்டர் 1999இலயே 500 மில்லிலீற்றர் போத்தலைப் பாவிச்சு கடை ஸ்பேசர் அளவுக்கு அது உதவுது எண்டு காட்டினவ.

செய்யிறது இப்பிடி. போத்தலைக் கழுவிக் காயவையுங்கோ. பம்மின்ர வாய் எந்த அளவோ அந்த அளவுக்கு தடிச்ச கம்பியை வளைச்சு சூடாக்கி போத்தலின்ர அடியில வச்சு உருக்கி ஓட்டை போடுங்கோ. கத்தியால வெட்டினா கோணும், காத்து கசியும். பம் இறுக்கமா நிக்கோணும். போத்தல் வாயைப் பற்களுக்கு நடுவில வச்சு உதட்டால மூடி, முதல் நல்லா வெளியில ஊதிப்போட்டு, ஒருக்கா அமத்தி, மெதுவா ஆழமா இழுத்து 10 வரை எண்ணி மூச்சைப் பிடியுங்கோ. பிடிக்க ஏலாட்டி அதுக்குள்ளயே அஞ்சாறு மூச்சு எடுங்கோ. ஒருக்கா அமத்தினதை இழுத்து முடிச்சாப்பிறகுதான் அடுத்த தரம் அமத்தோணும். பிறவுண் பம் (ஸ்டீரொயிட் மருந்து உள்ளது) எண்டா பிறகு வாய் கொப்பளிச்சுத் துப்புங்கோ, இல்லாட்டி வாய்க்குள்ள பூஞ்சணம் பிடிக்கும்.

இதால அடங்கேல்ல, உதடு நீலம் பாரிக்குது, கதைக்க ஏலேல்ல எண்டா நிக்க வேண்டாம், 1990.

---

முறிகண்டி_ரவுண் | 2025 தை 19, பின்னேரம் 4.50

மிஸ் எங்கட ஆச்சி பம் அடிக்க மாட்டன் எண்டு நிக்கிறா, பழகிப்போனா பிறகு விடேலாது, கடைசி மருந்து அதுதான் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். ஆடாதோடை இலை அவிச்சுக் குடிக்கிறா. என்ன செய்யிறது?

---

மல்லாவி_நேர்ஸ் | 2025 தை 19, இரவு 8.05

ஆச்சியோட சண்டை பிடிக்காதையுங்கோ. ஆடாதோடையை அவ குடிக்கட்டும், குடிக்கிறதை டொக்டரிட்ட சொல்லி வையுங்கோ, ஆனா பம்மை விட்டிட்டு அதை மட்டும் குடிக்கக் கூடாது. பம் பழகிறது இல்லை. குளிசையா விழுங்கினா மருந்து உடம்பு முழுக்க போகும், பம்மில போறது கொஞ்சம், அதுவும் நேரா நெஞ்சுக்கு. உண்மையில பயப்பட வேண்டியது தாங்களா வாங்கி மாசக்கணக்கா விழுங்கிற பிரட்னிசலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசைக்கு, சீனி ஏறும் எலும்பு தேயும். இதை ஆச்சிக்கு அவவின்ர பாசையில சொல்லுங்கோ: மரத்துக்குத் தண்ணியை வேரில ஊத்துறமா முழு வளவுக்கும் ஊத்துறமா எண்டு.

---

ஒட்டுசுட்டான்காரன் | 2025 மாசி 2, இரவு 11.20

ஒரு விசயம் கேக்கோணும். ஜீஎஸ்சிட்ட (கிராம அலுவலர்) போய் அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக் கொடுப்பனவைப் பற்றிக் கேட்டனான். சிறுநீரக வருத்தக்காரருக்கு தனிக் கொடுப்பனவு இருக்கு, அது வேணும்தான், எங்கட பக்கம் எத்தினை பேர் அதால போயிட்டினம். வயசானவைக்கு இருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு இருக்கு. மூச்சு வருத்தத்துக்கு எண்டு ஒரு பெட்டி படிவத்தில இல்லை. எனக்கு கால் கை இருக்கு, பாத்தா சுகமான ஆள். கதிரையில இருந்துகொண்டு கதைக்கேக்க இளைப்பும் தெரியாது. எழும்பி நடக்கச் சொல்லிப் பாத்தாத்தான் தெரியும், ஆரும் நடக்கச் சொல்லேல்ல.

மிஸ் சொன்ன மூச்சுப் பழக்கம் செய்யிறன். கிணத்தடிக்கு முந்தி மூண்டு தரம் நிப்பன், இப்ப ரெண்டு தரம்.

---

மல்லாவி_நேர்ஸ் | 2025 மாசி 3, காலை 6.40

ஐயா அடுத்த கிளினிக்கில டொக்டரிட்ட உங்கட ஊதின ரிப்போட்டும், எத்தினை மீற்றர் நடக்க ஏலும் எண்டதும் எழுதி ஒரு கடிதம் கேளுங்கோ. ஆறு நிமிசம் நடக்க விட்டு தூரம் அளக்கிற டெஸ்ட் இருக்கு, அதில ஒரு நம்பர் வரும். மாற்றுத்திறனாளி எண்ட பிரிவில அந்தக் கடிதத்தோட பிரதேச செயலகத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். கிடைக்குமெண்டு நான் வாக்குத்தர ஏலாது, ஆனா கதிரையில இருந்து கதைக்கிறதை விட நம்பரோட போறது பலம்.

---

விசுவமடு_மகள் | 2025 பங்குனி 9, இரவு 9.15

கனநாளைக்குப் பிறகு வாறன். வெட்டு மிசின் எங்கட வீட்டுக்குப் பின்னால ஓடின கிழமை அம்மாவை வட்டக்கச்சியில சித்தி வீட்டில கொண்டுபோய் விட்டிட்டன், அந்தக் கிழமை தங்கச்சிதான் கூட நிண்டவ, அவவுக்கு இந்த வருசம் ஏ.எல், கொப்பியளையும் கொண்டு போனவ. கிடாரம் ரெண்டையும் வித்தாச்சு. வித்த அண்டைக்கு அம்மா ஒண்டும் சாப்பிடேல்ல. அந்தக் காசில குசினியின்ர ஒரு பக்கத் தகரத்தைக் கழட்டி கம்பி வலை அடிச்சிருக்கிறம், புகையும் போகுது வெளிச்சமும் வருது. குப்பை கொழுத்துற முந்தி சொல்லுங்கோ எண்டு பக்கத்து வீட்டு அக்காவிட்ட கேட்டனான், அவ இப்ப வளவுக்கோடியிலதான் கொழுத்துறா.

கண்டாவளைத் தம்பி, நீங்கள் கேட்டு மிஸ் எழுதின அந்தப் போத்தல் எங்கட வீட்டில ரெண்டு இருக்கு, ஒண்டு சாமியறையில ஒண்டு அம்மான்ர தலைமாட்டில. முதல் போட்ட ஓட்டை பெருத்துப் போச்சு, ரெண்டாவது சரி வந்தது. மாசி 17 இரவு மூச்சு ஏறினது, கரண்டும் இல்லை, போத்தலில அடிச்சம், அரை மணித்தியாலத்தில அடங்கீட்டுது. நான் அடுத்த நாள் வேலைக்குப் போனன். உங்கட அப்பாவை நினைச்சுக்கொண்டுதான் போனன் தம்பி.

மாசி மாசக் கொப்பியில இருக்கிறது இவ்வளவுதான்: கிளினிக் பஸ் 1,600, பாமசி 2,900, வேலை போன நாள் 1, ஓட்டோ இல்லை. வரவுப் படி இந்த மாசமும் வெட்டினவை.

இண்டைக்கு பின்னேரம் அம்மா ஒருத்தரிட்டயும் சொல்லாமல் கிணத்தடி மட்டும் தனிய போயிட்டு வந்திருக்கிறா. இடையில ஒருக்கா மட்டும் தேசி மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவவாம். ஒட்டுசுட்டான் ஐயாவுக்குச் சொல்லு எண்டு சொன்னவ. அதையும் திகதி போட்டு எழுதி வச்சிருக்கிறன்.